மருந்து நிறுத்திப் பத்து வருடம் கழிந்த பிறகும் கிளினிக் எதற்கு?

நிலாவெளியில் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருந்த கேள்வி இது. மகளுக்கு 2011இல், ஐந்து வயதில், இரத்தப் புற்றுநோய், லுக்கீமியாவில் ஏ.எல்.எல். என்ற வகை என்று எழுதியிருந்தார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்தியம் நடந்து 2014இல் மருந்து நிறுத்தப்பட்டது. சில வருடம் கிளினிக் போனார்கள், பிறகு மெல்ல நின்றுவிட்டது. இப்போது மகளுக்கு 19 வயது. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள், நல்ல சுகம். அண்மையில் தனியார் லாப் ஒன்றில் எடுத்த எஃப்.பி.சி., அதாவது இரத்தக் கலங்களின் எண்ணிக்கை பார்க்கும் பரிசோதனை, நோர்மல். இனியும் கிளினிக் தேவையா, ஒவ்வொரு முறையும் மகரகம போகத்தான் வேண்டுமா, கலியாணப் பேச்சு வந்தால் சொல்வதா, தம்பிக்கும் ஏதாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இடையில் ஒரு வரி: "மகளுக்கு இன்றுவரை இரத்தம் குறைந்த வருத்தம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்."

அக்கா, நேரடியாகவே சொல்கிறேன். கிளினிக் தேவை. ஆனால் இரவு பஸ் ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி, 138இல் நெரிபட்டு மகரகம போய், பகல் முழுக்க வாங்கில் இருந்துவிட்டுத் திரும்ப இரவு பஸ் பிடிக்கிற அந்தப் பயணம் ஒவ்வொரு முறையும் தேவையில்லை. பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசியைத் திருகோணமலையிலேயே பார்க்கலாம். அதற்கு முன் மகரகமவிலிருந்து ஒரு கடதாசி எடுக்க வேண்டும். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். நான் சிறுவர் வாட்டில் வேலை செய்த நேர்ஸ், டொக்டர் இல்லை; எந்தப் பரிசோதனை எப்போது என்று முடிவெடுப்பது உங்கள் டொக்டர்தான். அவரிடம் எதைக் கேட்பது என்று நான் சொல்லலாம்.

முதலில் அந்த எஃப்.பி.சி. அது நோர்மல் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அது லுக்கீமியா திரும்பி வந்திருக்கிறதா என்பதற்கு மட்டும்தான் ஓரளவு பதில் சொல்லும். ஏ.எல்.எல். திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் மருந்து நிறுத்திய முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வந்துவிடும். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் மிக அரிது. உங்கள் மகள் பத்து வருடத்தைத் தாண்டிவிட்டாள். காய்ச்சல் வந்தால், காலில் ஒரு நீலத் தழும்பு கண்டால் நெஞ்சு பதறுவது எனக்கு விளங்குகிறது, வாட்டில் இருந்த எந்தத் தாய்க்கும் அது லேசில் போகாது. ஆனாலும் இப்போதைய கிளினிக்கின் வேலை பழைய நோயைத் தேடுவது இல்லை. அந்த நோயை விரட்டக் கொடுத்த மருந்துகள் வளரும் உடம்பில் எதையாவது விட்டுப் போயிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான். அதை எஃப்.பி.சி. காட்டாது. இதயத்தின் தசை பலவீனப்பட்டிருந்தாலும் எஃப்.பி.சி. நோர்மல் என்றுதான் வரும்.

இப்படி ஒரு தேவை இருப்பதே உலகத்துக்குப் பிந்தித்தான் தெரிந்தது. ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகள் பிழைப்பதே அபூர்வம், பின்னால் என்ன நடக்கும் என்று யார் பார்ப்பது? பிழைத்தவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகுதான் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இன்றும் அவர்களைப் பின்தொடர்கிறது. 2006இல் வெளியான அதன் முடிவு ஒன்றில், 1970க்கும் 1986க்கும் இடையில் நோய் கண்ட 10,397 பேரைப் பார்த்திருந்தார்கள். அவர்களில் 62 வீதமானோருக்கு ஏதோ ஒரு நாட்பட்ட நோய் இருந்தது. 27 வீதத்துக்குச் சற்று மேலானவர்களுக்கு அது கடுமையானது அல்லது உயிருக்கு ஆபத்தானது. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் லுக்கீமியாப் பிள்ளைகள் பலருக்கும் தலைக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள், மற்றப் புற்றுநோய்களுக்கும் இப்போதையதைவிட அதிக அளவில், அகலமாகக் கொடுத்தார்கள். இப்படியான ஆய்வுகள் வந்த பிறகுதான் அதையெல்லாம் குறைத்தார்கள். உங்கள் மகளின் காலத்து வைத்தியம் அதைவிட மிருதுவானது. ஆனால் எவ்வளவு மிருதுவானது, அவளுக்குக் குறிப்பாக என்ன போனது என்பது தெரிய வேண்டும். அங்கேதான் கடதாசி வருகிறது.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று அலுமாரியைக் கிளறிப் பாருங்கள். பழைய கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த ரிப்போட்டுகள், எக்ஸ்ரே படங்கள். எதையும் எறியாதீர்கள். இங்கே 2004 டிசம்பர் கடலோடு எத்தனையோ வீட்டில் பத்திரங்களும் போயின. கரையோரம் இருக்கிறவர்கள் நாம், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து மகளுக்கும் ஒன்று, தம்பிக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். மெடிக்கல் ரெக்கோட் என்பது மங்கின நீல மையில் எழுதிய இரண்டு மூலை மடிந்த கொப்பிகள்தான். இன்னும் பத்து வருடத்தில் அதை வாசிக்கவும் முடியாது.

அதன் பிறகு, ஒரே ஒரு முறை, மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியது "செக் பண்ணுங்கள்" என்று இல்லை. "இவளுக்கு நடந்த வைத்தியத்தின் முழுச் சுருக்கம் ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அப்போது பதிந்த பெயர், கிளினிக் நம்பர், வாட்டில் நின்ற காலத்து பி.எச்.டி. (கட்டில் தலைமாட்டு நோயாளர் பதிவு) நம்பர்கள், சேர்ந்த திகதியும் வெளியேறிய திகதியும் கையோடு இருந்தால் ரெக்கோட் அறையில் தேடுவது சுலபம். பி.எச்.டி. நம்பர் டயக்னோசிஸ் காட்டில் இருக்கும். சிங்களம் கஷ்டமாக இருந்தால் முன்கூட்டியே ஒரு கடிதமாக எழுதி, உள்ளூர் டொக்டரிடம் ஆங்கிலத்தில் நான்கு வரி வாங்கிக்கொண்டு போங்கள். டொக்டர் கேட்ட கடிதம் என்றால் தனி மரியாதை, அதை மறைத்துப் பயனில்லை. வருடங்கள் கூடக் கூடப் பழைய கோப்புகள் கிடைப்பது கடினமாகிறது, ஆகவே அடுத்த விடுமுறை என்று தள்ளிப் போடாதீர்கள்.

அந்தச் சுருக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? நோயின் பெயரும் கண்டுபிடித்த திகதியும், எந்தத் திட்டத்தின்படி வைத்தியம் என்பதும், கொடுத்த மருந்துகளின் பெயரும், அதைவிட முக்கியமாக ஒவ்வொன்றின் மொத்த அளவும், ரேடியேஷன் கொடுத்தார்களா, கொடுத்தால் எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதும், சத்திர சிகிச்சை, ஒவ்வாமை, இடையில் வந்த பெரிய கிருமித்தொற்று, கடைசி மருந்துத் திகதி. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஐரோப்பாவில் இதையே பாஸ்போட் மாதிரி ஒன்றாகச் செய்து மீண்டவர்கள் கையில் கொடுக்கிறார்கள். நமக்கு ஒரு ஏ4 தாளும் சீலும் போதும்.

ஏன் மொத்த அளவு என்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதயத்தை எடுத்துப் பார்ப்போம். சிவப்பு மருந்து ஞாபகம் இருக்கும். சேலைனில் போன பிறகு பிள்ளையின் சிறுநீர் சிவந்து போய், இரத்தம் என்று நீங்கள் அலறியிருப்பீர்கள், நேர்ஸ் வந்து பயப்பட வேண்டாம் என்றிருப்பார். டோனோரூபிசின், டோக்ஸோரூபிசின் எல்லாம் இந்த வகைதான். புற்றுநோய்க் கலங்களை நன்றாக அழிக்கும், ஆனால் இதயத் தசைக் கலங்களிலும் சிலவற்றைக் கொண்டு போகும். தோல் மாதிரி அவை திரும்ப முளைப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் சின்ன இதயத்துக்கு மிச்சம் இருப்பது போதும். உடம்பு வளர வளர அதே மிச்சம்தான் பெரிய உடம்புக்கும் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் கோளாறு பத்து, இருபது வருடம் கழித்து, பெரும்பாலும் இதயத்துக்கு வேலை கூடும் நேரத்தில் தலைகாட்டுகிறது.

இந்த மருந்தை உடம்பின் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். கொப்பியில் ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம் என்று இருந்து, ஏழு தடவை போயிருந்தால் மொத்தம் 175. இப்போது உலக அளவில் பின்பற்றும் வழிகாட்டல் சொல்வது இதுதான்: மொத்தம் 250 அல்லது அதற்கு மேல் என்றால் அதிக ஆபத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுக்க வேண்டும். 100க்கும் 250க்கும் இடையில் என்றால் நடுத்தரம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 100க்குக் கீழே, நெஞ்சுக்கு ரேடியேஷனும் இல்லை என்றால், வழமையாக எக்கோ தேவையில்லை. ஏ.எல்.எல். வைத்தியத்தில் பெரும்பாலும் 250க்குக் கீழேதான் நிற்கும். ஆனால் உங்கள் மகளின் எண் 75ஆ 240ஆ என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த எண் இல்லாமல் வருடா வருடம் தனியாரில் காசு கட்டி எக்கோ எடுப்பதும் வீண், எடுக்காமலே விடுவதும் ஆபத்து. வகைக்கு வகை மருந்தின் பலம் மாறும் என்பதால் கூட்டிப் பார்க்கிற வேலையை டொக்டரிடம் விட்டுவிடுங்கள். கொப்பியைக் கொண்டுபோய் வைப்பது உங்கள் வேலை.

எக்கோவைப் போலவே பெறுமதியான இன்னொன்று இருக்கிறது, காசே செலவில்லாதது. பிரஷர். இந்த மருந்து போனவர்களுக்குப் பிரஷரும் ஏறிவிட்டால் இதயம் பலவீனமாகும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று மேலே சொன்ன அதே அமெரிக்க ஆய்வில் கண்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு யார் பிரஷர் பார்ப்பார்? பார்க்க வேண்டும். வருடத்தில் ஒரு தடவை நிலாவெளி வைத்தியசாலையிலேயே பார்க்கலாம். நிறை, உயரம், வெறும் வயிற்றில் சீனி, கொலஸ்ட்ரோல் இவற்றையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லுக்கீமியாவிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு நிறை ஏறுவது வழக்கம். ஸ்டீரொய்ட் ஒரு காரணம். இன்னொரு காரணம் நாம்தான். "பிள்ளை சாகப் பிழைத்த பிள்ளை" என்று கொத்து ரொட்டியும் சோடாவும் கேட்டபோதெல்லாம் வாங்கிக் கொடுத்து, வெயிலில் ஓடவிடாமல் பொத்தி வைத்து வளர்த்துவிடுகிறோம். எக்கோ சரியென்றால் அவள் நடக்கலாம், ஓடலாம், கடலில் நீந்தலாம். உப்புவெளிக் கரையில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் நடப்பதை யாரும் தடுக்கவில்லை. பாரம் தூக்கும் கடுமையான பயிற்சி என்றால் மட்டும் முன்னால் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலும்பும் ஸ்டீரொய்டின் கைவரிசைதான். இடுப்பு அல்லது அரைப் பகுதியில் நோ, நொண்டல், கால் மடக்கக் கஷ்டம் என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இடுப்பு மூட்டுக்குள் இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு தேய்வது இவர்களிடம் வரலாம். எக்ஸ்ரே ஆரம்பத்தில் சரியாகவே காட்டக்கூடும், அப்படியென்றால் எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டும். பத்து வயதுக்கு மேல் வைத்தியம் பெற்றவர்களிடம் இது அதிகம். கல்சியத்துக்கு மாத்திரையை விட நெத்தலியும் முருங்கைக் கீரையும் பாலும் நல்லது. வெயில் நமக்குக் குறைவில்லை. பல் டொக்டரிடமும் சிறுவயதில் கீமோ போனதைச் சொல்லுங்கள், பல் முளைக்கும் வயதில் மருந்து போனவர்களுக்கு வேர் குட்டையாக இருக்கலாம், பல்லுக்குக் கம்பி போட நினைத்தால் அது முக்கியம்.

மூளையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உயர்தரத்தில் நினைத்த அளவு பெறுபேறு வராது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். முள்ளந்தண்டில் போட்ட மெத்தோட்ரெக்ஸேட் ஊசியும், தலைக்கு ரேடியேஷன் இருந்திருந்தால் அதுவும், சிலருக்குக் கவனத்தையும் வேகத்தையும் குறைக்கும். புத்தி குறைந்தவர்கள் இல்லை இவர்கள். விளங்கும், சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்வார்கள். ஆனால் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் ரீச்சர் அழித்துவிடுவார். மூன்று மணித்தியாலப் பேப்பரில் கடைசிக் கேள்விக்கு நேரம் போதாது. கணக்கு குறிப்பாகத் தள்ளாடும். பள்ளியில் "சோம்பேறி", வீட்டில் "செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு" என்று பெயர் வாங்கி, தானும் அதை நம்பிவிடுவார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கும் மற்றத் தாய்மாருக்குச் சொல்கிறேன்: மருத்துவச் சான்றோடு பாடசாலை அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து மேலதிக நேரம் கேட்க வழி இருக்கிறது. புலமைப் பரிசில் தொடக்கம் உயர்தரம் வரை அதைக் கேட்கலாம். பரீட்சைக்கு முதல் மாதம் ஓடுவதில் பயனில்லை, விண்ணப்பம் கோரும்போதே சேர்த்துப் போட வேண்டும். உங்கள் மகள் இரண்டாம் முறை எழுத நினைத்தால் இதைப் பாருங்கள். எழுதாமல் ஒரு தொழிற்பயிற்சிக்குப் போக நினைத்தாலும் குற்றமில்லை, அவளுக்கு எது வருகிறது என்று பாருங்கள்.

இனி அந்த ஒரு வரி. இரத்தம் குறைந்த வருத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

ஐந்து வயதில் அப்படிச் சொன்னது சரிதான், வேறு என்ன சொல்ல முடியும். ஆனால் பத்தொன்பதில் அது ஆபத்து. நாளைக்கு அவள் கொழும்பில் வேலைக்குப் போய், மூச்சு வாங்குகிறது என்று ஒரு ஓ.பி.டி.யில் நின்றால், "சின்னதில் ஏதும் பெரிய வருத்தம் வந்ததா?" என்று டொக்டர் கேட்பார். "இரத்தம் குறைவாக இருந்தது" என்பாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சரியான பதிலைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் நடந்திருக்கும். நீங்கள் எப்போதும் பக்கத்தில் நின்று பதில் சொல்ல மாட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், அனேகமாக அவளுக்குத் தெரியும். மொட்டைத் தலையோடு மகரகமவில் இருந்தது ஐந்து முதல் எட்டு வயதுவரை. அது ஞாபகம் இருக்கும் வயது. வாட்டில் கூட இருந்த பிள்ளைகளில் சிலர் பிறகு வரவில்லை என்பதும் ஞாபகம் இருக்கும். கையில் போன் இருக்கிற பிள்ளை தேடிப் பார்க்காமலா இருப்பாள்? நீங்கள் மறைப்பதால் அவளும் உங்களுக்காக மறைக்கிறாள். இப்படிப்பட்ட வீடுகளைக் கண்டிருக்கிறேன். தாய் மகளுக்குத் தெரியாது என்று நினைக்க, மகள் தாய் உடைந்துபோவாள் என்று நினைக்க, இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. ஒரு நாள் ஆறுதலாக இருந்து, கொப்பியை முன்னால் வைத்து, "உனக்கு வந்தது லுக்கீமியா. மாறிவிட்டது. இன்னின்ன மருந்து கொடுத்தார்கள்" என்று சொல்லுங்கள். மாறிவிட்டது என்பதையும் சேர்த்து, அதே மூச்சில். மகரகம போகும் அந்த ஒரு பயணத்தில் அவளே டொக்டரிடம் கேள்வி கேட்கட்டும். கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே பத்து நிமிடம் இருங்கள், கஷ்டம்தான், இருங்கள். அம்மா முன்னால் கேட்க முடியாத கேள்விகள் பத்தொன்பது வயதில் இருக்கும்.

கலியாணம். என் கருத்து: சொல்ல வேண்டும், ஆனால் தரகருக்கும் ஊருக்கும் இல்லை. பேச்சு ஓரளவு சரிவந்து, நாள் குறிக்க முன்னால், மாப்பிள்ளைக்கு அவளே சொல்வது நல்லது, கூட நீங்கள் இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்கப் போகிற மூன்று கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்திருங்கள். தொற்றுமா? தொற்றாது. திரும்ப வருமா? இவ்வளவு வருடம் கழித்து வருவது மிக அரிது. பிள்ளை பிறக்குமா, பிறந்தால் அதற்கும் வருமா? ஏ.எல்.எல். வைத்தியத்தில் கொடுக்கும் அளவு மருந்துகளால் பெரும்பாலான பெண்களின் கருப்பை, சூலகம் பாதிக்கப்படுவதில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருவது நல்ல அறிகுறி. மீண்டவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடுதலாக வருவதாகவும் காணப்படவில்லை. ஏ.எல்.எல். பொதுவாகப் பரம்பரையாகக் கடத்தப்படுவதும் இல்லை. இதை ஒரு டொக்டர் வாயால் அவர்கள் கேட்டால் இன்னும் நல்லது, கூட்டிக்கொண்டு போங்கள். இதைக் கேட்டுவிட்டும் எழுந்து போகிறவர்கள் போகட்டும். மறைத்துக் கட்டிக்கொடுத்து, கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் வெளிவந்தால் வரும் சண்டையை நான் கண்டிருக்கிறேன், அதில் நொந்தது அந்தப் பிள்ளைதான்.

ஏன் ஐந்தாம் மாதம் என்கிறேன்? கர்ப்பத்தில் உடம்பின் இரத்த அளவு கிட்டத்தட்ட அரைவாசி கூடுகிறது, இதயம் அதையெல்லாம் சுற்ற வேண்டும். சிவப்பு மருந்து வாங்கிய இதயத்தில் ஒளிந்திருந்த பலவீனம் வெளிப்படுகிற நேரம் அது. ஆகவே கருத்தரிக்க முன்னரோ, முடியாவிட்டால் முதல் மூன்று மாதத்துக்குள்ளோ ஒரு எக்கோ வேண்டும். நமது நாட்டில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: புதிதாக மணமுடித்தவர்களைக் குடும்பநல உத்தியோகத்தர் பதிந்து, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் முன்கூட்டியே பரிசோதிக்கிறார்கள். அந்தப் படிவத்தில் பழைய நோய்களைக் கேட்பார்கள். அங்கே ஒளிக்காமல் "லுக்கீமியா, கீமோ, 2011 முதல் 2014 வரை" என்று எழுத வேண்டும், சுருக்கத்தின் பிரதியையும் கொடுக்க வேண்டும். எக்கோ நோர்மல் என்றால் மற்றப் பெண்களைப் போலவே பெற்றெடுப்பாள்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியையும் கேட்டுப் பாருங்கள். இலங்கையில் அதை 2017இல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கினார்கள். உங்கள் மகளின் வகுப்புக்கும் அந்த வருடம்தான் வந்திருக்கும். பல தாய்மார் "இவளுக்கு ஊசி கீசி வேண்டாம், கீமோ போட்ட பிள்ளை" என்று பயந்து அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பவில்லை. கீமோ முடிந்து வருடங்கள் கழிந்தவர்கள் போடலாம், போட வேண்டியவர்களே அவர்கள்தான். மற்றத் தடுப்பூசிகள் வைத்தியக் காலத்தில் தவறியிருந்தால் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோய் எம்.ஓ.எச்.சில் காட்டுங்கள்.

திருகோணமலையில் எங்கே என்று கேட்டீர்கள். அந்தச் சுருக்கக் கடிதத்தோடு திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மெடிக்கல் கிளினிக்கில் ஒரு முறை பதிந்துகொள்ளுங்கள். 19 வயது என்பதால் சிறுவர் கிளினிக் எடுக்காது, பெரியவர்கள் பக்கம்தான். பிள்ளைகள் பலர் தொலைவது இந்த இடத்தில்தான்: சிறுவர் பக்கம் வயது கூடிவிட்டது என்கிறது, பெரியவர் பக்கம் உனக்கு என்ன வருத்தம் என்று கேட்கிறது. வருத்தம் இல்லை, ஆனால் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டியவள் என்பதை அந்தக் கடிதம்தான் சொல்லும். எக்கோவுக்கு, இரத்தப் பரிசோதனைக்கு அங்கிருந்தே எழுதித் தருவார்கள், இங்கே முடியாததை மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ அனுப்புவார்கள். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் இருப்பவர்கள் அந்தந்த ஆதார வைத்தியசாலையில் தொடங்கலாம். முதல் நாள் "சுகமாக இருக்கிற பிள்ளைக்கு ஏன் கிளினிக்" என்று யாராவது அலுத்துக்கொண்டால் மனம் கோணாதீர்கள், கடிதத்தை நீட்டுங்கள். தனியாரில் விற்கும் முழு உடல் பரிசோதனை, புற்றுநோய் மார்க்கர் இரத்தப் பரிசோதனைகளுக்குக் காசு கொட்டாதீர்கள். அவளுக்கு அதனால் பயனில்லை, பொய்ப் பயம்தான் மிச்சம்.

இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்காகச் சுருக்கமாக. சிறுநீரகக் கட்டிக்கு ஒரு பக்கச் சிறுநீரகத்தை எடுத்த பிள்ளை என்றால் பிரஷரும் சிறுநீரில் புரதமும் வருடா வருடம் பார்க்க வேண்டும். டைக்ளோபினாக் போன்ற நோ மாத்திரையை பாமசியில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது, இங்கத்தைய வெயிலில் தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும். எலும்புப் புற்றுநோய்க்கு வைத்தியம் பெற்றவர்களுக்குச் சிவப்பு மருந்து பெரும்பாலும் 250க்கு மேல் போயிருக்கும், சிஸ்பிளாட்டினும் போயிருந்தால் காதும் சோதிக்க வேண்டும். முதலில் போவது மெல்லிய கீச்சொலிகள் என்பதால் பிள்ளை கேட்கவில்லை என்பதே தெரியாது. சிறுவயதில் நெஞ்சுக்கு ரேடியேஷன் போன பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை 25 வயதிலிருந்து அல்லது ரேடியேஷன் முடிந்து எட்டு வருடத்திலிருந்து, எது பிந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். சாதாரணமாகச் சொல்லும் வயது வரை காத்திருக்கக்கூடாது. கழுத்துக்கோ தலைக்கோ போனவர்கள் தைரொய்ட் பார்க்க வேண்டும், தலைக்குப் போன பிள்ளை உயரம் ஏறாமல் நின்றால் வளர்ச்சி ஓமோனையும். ஆண் பிள்ளைகள் என்றால் புகைத்தலும் புகையிலை வெற்றிலையும் பக்கத்தில் வரக்கூடாது. இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான், ஏற்கெனவே ஒன்றைக் கடந்தவர்கள் இதைக் கேட்டு வாங்கத் தேவையில்லை.

கடைசியாகத் தம்பி. அவனுக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. வருடா வருடம் அவனுக்கும் எஃப்.பி.சி. எடுப்பதாக எழுதியிருந்தீர்கள், அதை நிறுத்திவிடுங்கள். கண் புற்றுநோய் ஒரு விதிவிலக்கு: அது பரம்பரை வகை என்றால் பின்னால் பிறக்கும் சகோதரங்களையும், மீண்டவருக்குப் பிறக்கும் பிள்ளையையும் பிறந்த உடனேயே கண் டொக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் அது இல்லை.